எட்டாவது நாற்காலி

நான்காம் நிலையின் வருகைப் பதிவேட்டில் மெரிலின் பெயர் ஏற்கெனவே இருந்தது.

அதுவும் இன்று நேற்றல்ல. ஒன்பது சனிக்கிழமைகளாக. ஒன்பது கட்டத்திலும் ஒரே மாதிரி சிவப்பு டிக்.

மெரில் டன்ஸ்டன், ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ ஊர்த் தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். இதுவரை படித்தது இரண்டாம் நிலைச் சீனம் மட்டும்தான். மூன்றைத் தாண்டி நேரே நான்குக்குப் போகலாமா, கூடாதா என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அக்டோபரில் மகன் லாக்லனுக்குக் கல்யாணம். சீனாவின் செங்டூவிலிருந்து சம்பந்தியம்மாள் வருகிறாள். விருந்தில் எழுந்து நின்று, அவளை வரவேற்று நாலு வார்த்தை சீனத்தில் பேச வேண்டும். வரவேற்புரை சொல்லித் தருவது நான்காம் நிலையில். மூன்றில் உட்கார்ந்தால் டிசம்பர் ஆகிவிடும்.

இன்று ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வந்தாள். அவ்வளவுதான்.

"டீச்சர், இதுல ஏதோ தப்பு. நான் இன்னிக்குத்தான் வரேன்."

லியாவ் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போன வாரம் நல்லாப் பேசினீங்க, மெய்லி." மெய்லி, இரண்டாம் நிலையில் டீச்சர் மெரிலுக்கு வைத்த சீனப் பெயர்.

"போன வாரம் நான் பல்லராட்ல இருந்தேன். அக்கா வீட்ல."

"அதையும் சொன்னீங்க. அக்காவுக்கு முழங்கால் இப்போ தேவலையா?"

மெரிலின் முதுகில் யாரோ ஈரத் துணியை வைத்தது போல் இருந்தது.

அறையில் ஏழு பேர். நிமிர்ந்த முதுகு, மடியில் கை. எட்டாவது நாற்காலி காலி. அதன் முதுகில் ஒட்டிய சீட்டில் 'மெய்லி' என்று எழுதியிருந்தது. சீட்டின் ஓரம் பழுத்துச் சுருண்டிருந்தது.

டீச்சர் பெயர்களை வாசித்தாள். வந்திருப்பவர் 'தாவ்' என்று குரல் கொடுக்க வேண்டும்.

"மெய்லி."

மெரில் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "தாவ்."

அது மெரிலின் குரல். காலை நேரத்துக் கரகரப்போடு, அப்படியே.

திரும்பிப் பார்த்தாள். ஏழு முகமும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆபீசுக்கு ஓடினாள். அங்கே எழுத்தர் நொலீன் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"நீங்க நாலாம் நிலைதான், மெரில். மே மாசமே மூணைத் தாண்டிட்டீங்க."

"யார் தாண்டச் சொன்னா?"

"நீங்கதான். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, பாருங்க."

பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ஆங்கில 'டி'யைப் பாதியில் விட்டது போல இழுக்கும் அந்த அவசரக் கோணல்கூட இருந்தது.

வராந்தாவில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"டக், சீன கிளாஸ்ல நான் எந்த நிலை?"

"என்ன கேள்வி இது? நாலாம் நிலை."

"நாலுன்னு யார் சொன்னா?"

"சர்ட்டிபிகேட் தபால்ல வந்துச்சே. நான்தான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். தொண்ணூத்தி மூணு மார்க். நீ பால் எடுக்கவே மாட்டியா?"

மெரில் பால் சேர்க்காமல் காபி குடிப்பவள். போனை வைத்தாள்.

வராந்தாச் சுவரில் நான்காம் நிலை மாணவர்களின் வீட்டுப்பாடத் தாள்கள். கட்டம் போட்ட தாளில் சீன எழுத்துகள். நன்றாக வந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மெய்லியின் தாளில் வட்டத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்து அவளுடையது, அதே நடுக்கம், அதே அழுத்தம். ஆனால் அதில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவது?

டீச்சர் அருவி மாதிரி பேசினாள். ஏழு பேரும் தலையாட்டினார்கள். மெரிலும் ஆட்டினாள். டீச்சர் ஏதோ சொல்லி நிறுத்தினாள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மெரிலும் சிரித்தாள்.

இடைவேளையில் டீயும் சூரியகாந்தி விதையும் வந்தன. டீச்சர் வெளியே போனதும், ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஃபெர்கஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா? வெள்ளையா வெளுத்துட்டீங்க."

"செத்துப் போய்ட்டனோன்னு பார்த்தேன்."

"அதெல்லாம் இல்லை. எட்டுப் பேர் இல்லேன்னா கவுன்சில் இந்த ஹாலைப் பூட்டிடும். நாங்க ஏழு பேர்தான். டீச்சர் உங்க ரெண்டாம் நிலை நோட்டைக் கொடுத்து, இதே கையெழுத்துல எழுதிப் பழகுங்கன்னாங்க. ஒருத்தர் எழுத்தைப் பார்த்து அச்சு அசலா எழுதித்தான் அவங்க ஊர்ல படிப்பாங்களாம். வாரத்துக்கு ஒருத்தர் மெய்லியா இருந்தோம். பாரத்துல உங்க கையெழுத்தும் எங்க கைதான். அக்கா முழங்கால் உங்க கட்டுரையில இருந்துச்சு."

"குரல்?"

மூலையில் இருந்த ஐலா கையைத் தூக்கினாள். தையல்கடைக்காரி, வந்ததிலிருந்து வாய் திறக்காதவள். "டீச்சர்கிட்ட உங்க குரல் பதிவு இருந்துச்சு, கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தேன். பழக்க தோஷம்."

"அந்தத் தொண்ணூத்தி மூணு?"

"அது என்னோடது," என்றார் ஃபெர்கஸ் அடக்கமாக. "எனக்குச் சொந்தப் பேர்ல நாப்பதுதான் வரும்."

மெரிலுக்கு உயிர் வந்தது. சிரித்தாள், இந்த முறை நிஜமாக. பிறகு முகம் சுருங்கியது.

"நிஜத்தைச் சொல்லிடறேன். டீச்சர் பேசினதுல எனக்கு ஒரு எழுத்தும் புரியல. நீங்கல்லாம் ஜோக்குக்குச் சிரிக்கிறீங்க. சம்பந்தியம்மா முன்னாடி நான் முழிக்க முடியாது. அவமானமா இருந்தாலும் பரவால்ல, மூணாம் நிலைக்கே போய் ஒழுங்காப் படிச்சுட்டு வரேன்."

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. ஏழு பேரும் ஒரே சமயத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

ஐலா மெல்லச் சொன்னாள்:

"மூணாம் நிலைன்னு ஒண்ணு நடந்ததே இல்லை, மெரில், நாங்க ஏழு பேருமே உங்களை மாதிரி எட்டாவது ஆளா வந்து மாட்டினவங்கதான், டீச்சர் பேசினது எங்களுக்கும் புரியல, நீங்க சிரிச்சதைப் பார்த்துத்தான் சிரிச்சோம்."