வேற்றுப் பண்பாட்டினருக்கான கவுண்டர்

குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்து இறங்கியது. உலகம் சுருங்கிவிட்டதாம். ஆகவே வேற்றுப் பண்பாட்டினரோடு திறம்பட உரையாட அலுவலர் அனைவருக்கும் உடனடியாகப் பயிற்சி அளிக்கப்பட வேண்டுமாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் அந்த ஆணையில் யாரும் விசாரிக்கவில்லை.

பயிற்சி முடிந்த கையோடு ஏ.சி. அறையில் புதிதாக ஒரு கவுண்டரும் திறந்தார்கள். பூச்சாடி, மெத்தை நாற்காலி, கண்ணைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய ஓர் அதிகாரி எல்லாம் தயார். வேற்றுப் பண்பாட்டினர்தான் வரக் காணோம். அந்த அலுவலகத்தில் தண்ணீர் இணைப்புக் கேட்டு எந்த வெளிநாட்டுக்காரன் வரப்போகிறான், பாவம்! அதிகாரி சிரித்த வாயோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பழைய ஜன்னலில் தையல்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மாடி வீட்டுக்கு ஒரு குழாய் கேட்டு நடையாய் நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர அந்த ஜன்னல் வேறெதுவும் பேசியதில்லை. அதையும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதில்லை. அன்று காலையில்தான் அவர் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குக் குழாய்க்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இனிமே மூணு மாடி குடம் தூக்க என்னால ஆகாது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? ஆனது ஆகட்டும் என்று ஏ.சி. அறைக்குள் நுழைந்தார்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். பிறகு ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க வேற பண்பாடுங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க ஜன்னலுக்கு உள்ள உட்கார்ற பண்பாடு. நாங்க வெளியே நிக்கிற பண்பாடு."

பயிற்சியில் சொன்னதையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தும் அதிகாரியால் இதை மறுக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார், குடும்ப நலம் விசாரித்தார், ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார். தையல்காரருக்கு அந்த அலுவலகம் வழங்கிய முதல் குடிநீர் அதுதான். எதிராளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது பயிற்சி. ஆகவே முழங்கால் கதையை முழுசாகக் கேட்டு, கண்ணும் கலங்கினார். தையல்காரருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. குழாய் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க வழக்கமெல்லாம் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு," என்றார் அதிகாரி. "துணி தைக்கக் குடுத்தவங்க வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

இவ்வளவு நல்ல மனுஷனிடம் பொய் சொல்ல வாய் வருமா? "தைச்சு முடிக்கலேன்னா, நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன்."

"அவங்க என்ன செய்வாங்க?"

"நாளைக்கு வருவாங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. அவரவரிடம் அவரவர் வழக்கப்படியே பேசு என்பதல்லவா பயிற்சியின் தலையாய விதி! எழுந்து, லேசாகக் குனிந்து, கண்ணைப் பார்த்து, தேனொழுகச் சொன்னார்: "தங்கள் மேலான பண்பாட்டுக்குத் தலைவணங்கி அன்புடன் வேண்டுகிறோம். நாளைக்கு வாங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பியும் வைத்தார். தையல்காரரை இதுவரை யாரும் இத்தனை மரியாதையாகத் துரத்தியதில்லை. திட்டக்கூட வழியில்லாமல், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தார். மனைவி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைப் பார்த்துச் சிரித்தபடியே எல்லாம் கேட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க பண்பாட்டை ஆபீஸ்காரரே மதிக்கிறாரு, நான் மதிக்கலேன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் அவள், சிரிப்பு மாறாமல். "சாப்பாட்டுக்கு நாளைக்கு வாங்க. குடம் வாசல்ல இருக்கு."