பாஸான கட்டிக்கு மைசூர்பாகு

பெரியநாயக்கன்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை மனோஜ்குமாருக்கு, மச்சான் நஞ்சுண்டன் எழுதுவது.

இங்கே உங்கள் அக்கா நாச்சியம்மாள் நலம்; அவள் நலத்தில் யாரும் கை வைக்க முடியாது. கோபியில் நீங்களும் தங்கச்சியும் வாழைத்தோப்பும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழுந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

என் குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை அறுத்தெடுத்தது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு துண்டைச் சரவணம்பட்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கே நிலோஃபர் என்று ஒரு பொண்ணு, அந்தத் துண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் நாற்பது குட்டிக் கட்டிகளை வளர்த்திருக்கிறது. ஆர்கனாய்டு என்று பேராம். எனக்குக் கஞ்சி; அதுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இளஞ்சிவப்பாக ஏதோ சர்பத்து. "உங்களுக்குக் குடுக்கற மருந்தை முதல்ல இதுக மேல போட்டுப் பாக்கறோமுங்க ஐயா" என்றது. முப்பது வருஷமாக மோட்டார் செய்கிறவன், டெஸ்டிங் எனக்கா தெரியாது?

போன வாரம் நானும் உங்கள் அக்காவும் அங்கே போனோம். முதல் மருந்து ஊற்றி ஐந்து நாள். லென்ஸில் பார்த்தால் நாற்பதும் குண்டு குண்டாக அப்படியே உட்கார்ந்திருக்குதுங்க! நம்ம கம்பெனியில் லோடு கொடுத்தும் தாங்குகிற மோட்டாருக்குத்தானே பாஸ் சீட்டு ஒட்டுவோம்? நெஞ்சு நிமிர்ந்துபோச்சு. நேராகக் கீழே போய் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, "நம்ம சரக்கு கெட்டிங்க, எந்த மருந்துக்கும் மசியாது" என்று வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் குடுத்துபோட்டேன். நிலோஃபர் கையில் வாங்கிக்கொண்டு முழிக்குது. உங்கள் அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏனுங்க, உங்களுக்குக் கூறு இருக்குதா? கட்டி பாஸானா நீங்க ஃபெயிலுங்க! அது சாகோணும்னுதான் மருந்தே ஊத்துறாங்க" என்றாள். அத்தனை பேருக்கு முன்னாடி! மிச்சமிருந்த மைசூர்பாகுப் பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டாவது மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். அதற்கும் சாகாவிட்டால் என் கதி என்ன? செத்தாலும் வம்புதான், அதே மருந்தை எனக்கு ஏற்றுவார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்குதுங்க மாப்ளே. நாப்பது பேர் என் பேரில் மருந்து குடிக்கறப்ப நான் வேற எதுக்குங்க? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருவா. அந்த நேரம் பார்த்துக் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கோபிக்குக் கூட்டிக்கொண்டு போயிருங்க. தோட்டத்துச் சாளை வீட்டிலேயே சத்தமில்லாமல் கிடந்துக்கறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லாரும் கட்டி கிட்டி இல்லாமல் நூறு வயசு இருக்கோணும்.

இப்படிக்கு,
உங்களையே மலைபோல நம்பியிருக்கும்
நஞ்சுண்டன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகையில் நிலோஃபர் போன் பண்ணுச்சு. இரண்டாவது மருந்துக்கு நாற்பதில் முப்பத்தெட்டு போச்சாம். எனக்கும் அதையே ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனை வைத்துவிட்டு அழுதுபோட்டேன். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. ஞாயிறு வேண்டாம், திங்கட்கிழமை விடிய காரோடு வாங்க, ஆஸ்பத்திரிக்குத்தான். வழியிலே நான் என்ன சொல்லிக் கெஞ்சினாலும் வண்டியை மட்டும் திருப்பிடாதீங்க.