எண்ணெய் தீர்ந்தால் மச்சான் வருவார்

சேந்தமங்கலம்,
9-1-2004

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் ஷாகிர் அவர்களுக்கு, ராஜா முகமது ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும், வீட்டில் தாஹிரா பீவியும், என் தங்கையும் உங்கள் மனைவியுமான அப்ஸானாவும், உங்கள் செல்ல மகள் ஷாஹிஸ்தாவும் சுகமாக இருக்கிறோம். குவைத்துக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். என் ஜீப் மட்டும் சுகமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேறு யார் மூலமாவது செய்தி வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

எல்லாம் உங்கள் மகள் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அத்தா எப்பம்மா வரும்?" என்று அப்ஸானாவைப் பிடுங்கியிருக்கிறாள். அவளும் சலிப்பில், "அங்க மண்ணுக்கடியில எண்ணெய் இருக்கிற வரைக்கும் அத்தாவுக்கு அந்தக் கம்பெனியில லாரி ஓட்டுற வேலை இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை நேராக என்னிடம் வந்து, "அந்த எண்ணெய் எப்ப மாமா தீரும்?" என்றாள். தெரியவில்லை என்றேன். "சீக்கிரம் தீந்துட்டா நல்லாருக்கும்ல?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசையப் போய்விட்டாள். நான் அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதே வாரம் மலைமேல் சோளக்காட்டில் மிளகு வாங்கப் போனபோது அங்கே ஒரு கூட்டம். வேட்டி கசங்காத ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்து, நம் நாடு எண்ணெய்க்காக வெளிநாட்டிடம் கையேந்தி நிற்கிறது, தரிசு நிலத்தில் எல்லாம் காட்டாமணக்கும் புங்கமரமும் வைத்தால் அந்த எண்ணெயிலேயே வண்டி ஓட்டலாம், பிரேசிலைப் பாருங்கள், கரும்பிலிருந்து சாராயம் எடுத்துக் காருக்கு ஊற்றுகிறார்கள் என்று பேசினார். அதே மலையில் திருப்புலி நாட்டிலிருந்து எனக்கு வாடிக்கையாக மிளகு தருகிற சின்னான் பக்கத்தில் நின்றிருந்தார். எழுந்த சந்தேகத்தை அடக்க முடியாமல், "ஏனுங்க, சாராயத்த வண்டிக்கு ஊத்திட்டா டிரைவருக்கு என்னங்க ஊத்துவாங்க?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது. ஆனால் எனக்குள் விளக்கு எரிந்துவிட்டது மச்சான். எண்ணெய் தீரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? எல்லா நாடும் வாங்குவதை நிறுத்திவிட்டால் போதுமே! கம்பெனிக்காரன் உங்களை உட்காரவைத்துச் சோறு போடுவானா? அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட மாட்டானா? இந்தியா முழுக்கத் திருந்தும்வரை பொறுக்க முடியாது என்று என் ஜீப்பிலிருந்து தொடங்கினேன்.

செக்கில், சிரங்குக்குத் தடவுகிற அதே புங்க எண்ணெயை வாங்கி, பாதிக்குப் பாதி டீசலில் கலந்து ஊற்றினேன். வண்டி ஓடியது. சத்தியமாக ஓடியது. வாசனைதான் கொஞ்சம் முன்னால் ஓடியது. சோளக்காட்டில் இறங்கியதும் ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க பாய், ஊட்ல யாருக்குங்க சிரங்கு?" என்று விசாரித்தார்கள். ஜீப்பில் ஏறினவர்கள் காரணமே இல்லாமல் சொறிந்துகொண்டார்கள். தாஹிரா என் சட்டையைத் தனியாகத்தான் துவைத்தாள். நாட்டுக்காக இதெல்லாம் பட்டுத்தான் ஆகவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

முந்தாநாள் காலையில்தான் சோதனை வந்தது. மலை முழுக்கப் பனி. சோளக்காட்டில் மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், சின்னான் மூச்சிரைக்க ஓடிவருகிறார். "பாய், எம்புள்ளைக்கு வலி கண்டுருச்சுங்க. பஸ்சு வர நேரமாகுமுங்க." பின்னாலேயே அவர் மனைவி சின்னாயி, மகள் இளமதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். மூட்டைகளை அப்படியே தரையில் தள்ளிவிட்டு, மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சில வளைவுகள்கூட இறங்கவில்லை மச்சான். வண்டி இருமியது, ஒரு தரம் குலுங்கியது, நின்றுவிட்டது. எத்தனை தரம் சாவியைத் திருப்பியும் இன்ஜின் பேசவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தக் குளிரில் புங்க எண்ணெய் நெய் மாதிரி உறைந்து குழாயை அடைத்துவிட்டது. இறங்கி, பானட்டைத் திறந்து, குழாயைத் தடவிக்கொண்டே, புங்க எண்ணெய்க்குக் குளிர் ஆகாது, ஆனால் வெந்நீர் மட்டும் கிடைத்தால் என்று சின்னானுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் முகம் வெளுத்து நிற்கிறார். சின்னாயி மாரியாத்தாளைக் கூப்பிடுகிறாள். அப்போது உள்ளேயிருந்து இளமதி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணே! ரோடு கீழதான போகுது? எண்ணெய அப்புறம் பாத்துக்கலாம், வண்டியத் தள்ளி உடுங்க!"

வலியில் துடிக்கிற பெண்ணுக்குத் தெரிந்தது, நாட்டைத் திருத்தப் புறப்பட்ட எனக்குத் தெரியவில்லை. சின்னான் தள்ளினார், ஓடிவந்து தொற்றிக்கொண்டார். கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டேன். மச்சான், எத்தனையோ வருடமாக அந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன், இன்ஜின் சத்தமில்லாமல் இறங்கியது அன்றைக்குத்தான். குருவி கத்துவது கேட்கிறது. இளமதி கத்துவதும் கேட்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நான் ஓதுகிறேன், சின்னாயி சாமி கும்பிடுகிறாள், சின்னான் வெளியே தலையை நீட்டி, "வண்டி வருதுங்கோ, நிக்காதுங்கோ!" என்று மலைக்கே சொல்கிறார். மலைமேல் வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரிக்குப் போன சுற்றுலா வேன் ஒன்று எதிரே வந்து, எங்களைப் பார்த்ததும் ரிவர்ஸிலேயே போய் ஒதுங்கிக்கொண்டது. பிரேக்கிலிருந்து புகை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். யார் முகத்திலும் விழித்திருக்க மாட்டேன்.

அடிவாரம் வந்ததும் ரோடு சமமாகிவிட்டது, வண்டியும் நின்றுவிட்டது. கரும்பு ஏற்றப் போன டிராக்டர்க்காரர் ஒருவர் கயிறு கட்டி ஆஸ்பத்திரி வரை இழுத்துவந்தார். அது சுத்தமான டீசல் டிராக்டர். உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். நர்சம்மா மட்டும் வெளியே வந்து, "பொறந்த புள்ளைக்கு யாருங்க புங்கெண்ணெய் தேச்சது?" என்று சத்தம் போட்டார். சின்னான் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டியில்லாட்டி என்னாகியிருக்குமுங்க பாய்" என்று அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று அவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், நம்மால் முடியாது என்று தெரிந்துகொண்டேன். நாடுகள் எல்லாம் எண்ணெயை விடட்டும், விடாமல் போகட்டும், மெல்ல விடட்டும். அதுவரை என் மருமகளால் காத்திருக்க முடியாது. நீங்கள் அங்கே போன பிறகு அவளுக்கு இரண்டு பல் விழுந்து முளைத்திருக்கிறது. மண்ணுக்கடியில் இருப்பது எங்கேயும் ஓடிவிடாது, பிள்ளைதான் வளர்ந்துவிடும். முதலாளியிடம் லீவு கேட்டு, நோன்புப் பெருநாளுக்காவது வந்து சேருங்கள்.

உங்கள் உடல்நலத்துக்கும் நல்ல பயணத்துக்கும் துஆ கேட்டுக்கொண்டு, வீட்டில் எல்லோருடைய ஸலாமுடன்,

உங்கள் மச்சான்
ராஜா முகமது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மெக்கானிக் குப்புசாமி வந்து, டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, "எண்ணெய் உறையலீங்க பாய். எண்ணெயே இல்லீங்க" என்கிறான். எண்ணெய் அளவு காட்டும் முள் பாதியில் நிற்கிறதே என்றேன். "அது ரொம்ப நாளா அங்கயேதானுங்க நிக்குது" என்கிறான். புங்க எண்ணெய் மேல் ஒரு குற்றமும் இல்லையாம். ஆகவே மேலே "நம்மால் முடியாது" என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். லீவு பற்றி எழுதியதை மட்டும் அடிக்க வேண்டாம் என்று அப்ஸானா சொல்லச் சொல்கிறாள்.