பரிசலோடு ஓர் ஆளும் உண்டு

மனிதர்களைத் தோல் மாதிரி தரம் பிரித்து, அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லி, ஒருவரிடமும் அடி வாங்காத ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் செலக்‌ஷன் அண்ணன்தான். பாலாற்றில் பரிசல் ஓட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவரும், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். பாலாறா, அதில் பரிசலா என்று சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தவள்தான்.

வருஷத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆற்றில் மணலும் முள்செடியும்தான். தரைப்பாலத்தின் மேல் பத்து நிமிஷம் நடந்தால் அக்கரையில் ஷூ கம்பெனி வந்துவிடும். மழைக் காலத்தில் திடீரென்று, தான் ஓர் ஆறு என்பது அதற்கு ஞாபகம் வரும். தரைப்பாலம் முழுகிவிடும். பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம். கம்பெனி கேட்டிலோ எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் அரை நாள் போச்சு. எங்கள் ஊரிலிருந்து தையல் லைனுக்குப் போகிற நாற்பது பெண்களுக்கும், அதே கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்த எனக்கும், அந்த வட்டப் பரிசலை விட்டால் வேறு கதி இல்லை.

அண்ணனுடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தோல் டேனரியில் இருபது வருஷம் ‘செலக்‌ஷன்’ மேஜையில் நின்றவர். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று குவியல் குவியலாகப் பிரிக்கிற வேலை. டேனரியை மூடிவிட்டார்கள். பழக்கத்தை யாராலும் மூட முடியவில்லை. கரையில் எங்களை வரிசையாக நிறுத்தி, மேலும் கீழும் பார்ப்பார். அசையாமல் உட்காருகிறவர்கள் ஃபர்ஸ்ட். வாய் ஓயாதவர்கள் செகண்ட். செல்ஃபிக்காகத் திரும்புகிறவர்கள் தேர்ட். நடு ஆற்றில் எழுந்து நிற்கிறவர்கள் ரிஜெக்ட். அவர்களுக்கு அடுத்த டிரிப், அதற்கும் அடுத்த டிரிப். ஒரு டிரிப்புக்கு எட்டுப் பேர்தான். அதில் இரண்டு தேர்ட் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே கூடாது.

என்னைப் பார்த்த முதல் நாளே, “தேர்டு. ஓரமா குந்து” என்றார்.

“நான் டிகிரி படிச்சவ அண்ணா!”

“படிச்சா இன்னாம்மா? ஆடாம குந்துறியான்னுதான் நான் பாக்கணும்.”

அஞ்சாவது தாண்டாத தையல் லைன் செல்வி அக்கா ஃபர்ஸ்ட். நான் தேர்ட். இதை என் மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார்.

தண்ணீர் இல்லாத மாதங்களில் பரிசலுக்குக் காவல் என்று அவருக்கு ஒரு சின்னச் சம்பளம் உண்டு. தினமும் கரைக்கு வந்துவிடுவார். பழக்க தோஷத்தில், தரைப்பாலத்தில் நடந்து போகிறவர்களைக்கூட எட்டு எட்டாகத்தான் அனுப்பினார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

பரிசல் முதலில் ஊராட்சியுடையது. அப்போது தலைவருடைய மச்சான் ஒருநாள் ஒன்பதாவது ஆளாக ஏற வந்தார். “நான் யார்னு தெரியுமா?” என்று கேட்டார். “தெரியும். ஒம்பதாவது ஆளு” என்றார் அண்ணன். அடுத்த வாரமே பரிசல் ஏலத்துக்கு வந்தது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தது தற்செயல் என்று தலைவர் சொன்னார்.

ஏலத்தில் எடுத்தவர் பிரியாணிக் கடை பாய். தண்ணீர் வற்றினால் பரிசலில் வெங்காயம் கொட்டி வைப்பார். வந்தால் வெங்காயத்தை அள்ளிவிட்டு எங்களை ஏற்றுவார். அந்த மழைக் காலம் முழுவதும், வெளிநாட்டுக்குப் போகிற ஷூவெல்லாம் வெங்காய வாசனையோடுதான் போயிருக்கும். பாய் நல்ல மனுஷர். கூட்டத்தைப் பார்த்தால் மட்டும் மனசு தாங்காது.

“தோஸ்த், ஜனம் ஜாஸ்தியா கீது. பன்னெண்டு பேரா ஏத்து.”

“பாய், எட்டுப் படி தேக்சாவுல பன்னெண்டு படி அரிசி போடுவீங்களா?”

“பொங்கிடும்ப்பா.”

“இதுவும் பொங்கிடும்.”

பாய் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். பிறகு பரிசலை எங்கள் கம்பெனிக்கு விற்றபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பரிசல் ஒன்று, துடுப்பு இரண்டு, கயிறு ஒரு கட்டு, ஆள் ஒன்று.

கம்பெனிக்குப் பரிசல் எதற்கு என்றால், ஆறு வந்த நாட்களில் தையல் லைன் பாதி காலியாகக் கிடந்ததுதான் காரணம். கம்பெனி என்று வந்தால் முறை என்று ஒன்று வருமே. முதலில் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட்டுகள் வந்தன. தணிக்கைக்கு வருகிறவர்கள் புதுசாகப் பார்க்க வேண்டும் என்று அவற்றை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்து, ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு ஃபைல். புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பரிசல்காரருக்கும் ஃபாரம் நிரப்பச் சொன்னார்.

“வயசுண்ணா?”

“அம்பத்தெட்டு.”

“அனுபவம்?”

“எதுல? தோலுலயா, தண்ணியிலயா?”

ஃபாரத்தில் அடுத்த கட்டம், நீச்சல் தெரியுமா என்பது. இதைப் போய்க் கேட்பானேன் என்று நானே டிக் போட்டுவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“அது இன்னா டிக்கு?”

“நீச்சல் தெரியும்னு.”

“தெரியாதும்மா.”

இத்தனை மழைக் காலம் இந்த ஆளை நம்பியா நடு ஆற்றில் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி தின்றேன்! திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒன்று உறைத்தது. இந்த டிக் போனால் இவர் வேலையும் போகும். டேனரி மூடிய பிறகு அவருக்கு இருந்தது இது ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொன்றை யார் கொடுப்பார்கள்?

“இருக்கட்டும்ணா. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“ரிஜெக்ட்டைத் தூக்கி ஃபர்ஸ்ட்ல வெச்சிட்டு நான் இன்னா செலக்‌ஷன்? குடு பேனாவ.”

அவரே அடித்தார். அழுத்தமாக, இரண்டு கோடு.

மறுவாரமே வேலை போனது. நீச்சலில் சர்டிபிகேட்டும் இரண்டு மெடலும் வைத்திருந்த ஓர் இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார். அன்று பார்த்து ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. மதியம் சரக்கு கப்பலுக்குக் கிளம்ப வேண்டிய நாள். செலக்‌ஷன் அண்ணன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகவில்லை. இளைஞர் பதினாலு பேரை அடைத்து ஏற்றினார். பரிசலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. யாரோ வீல் என்று கத்தினார்கள்.

இளைஞர் சிரித்தார். “இன்னாத்துக்கு பயம்? எனக்குதான் நீச்சல் தெரியுமே!”

செல்வி அக்கா எழுந்தார்.

“ஒனக்குத் தெரியும் ராஜா. எங்களுக்குத் தெரியுமா?”

அக்கா இறங்கினார். பின்னாலேயே பதின்மூன்று பேரும் இறங்கினோம். நாற்பது பெண்களும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டரை ஆனது. ஒன்பதும் ஆனது. அரை நாள் போச்சு என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. மேனேஜர் என் போனில் கத்தினார். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

“சார், நீங்க மொதல்ல வந்து இதுல குந்துங்க. அப்பால நாங்க குந்துறோம். இல்லன்னா அந்த அண்ணனை ஓட்டச் சொல்லுங்க.”

மேனேஜர் காரில் அக்கரைக்கு வந்து, ஆற்றைப் பார்த்தார், பரிசலைப் பார்த்தார். ‘பரிசலை அனுப்புங்கள், ஏறுகிறேன்’ என்று மட்டும் சொல்லவில்லை. பத்து மணிக்குக் கம்பெனி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. காகிதத்தில் பரிசல்காரர் அந்த இளைஞர்தான். செலக்‌ஷன் அண்ணன் ‘உதவியாளர்’. ஜாக்கெட்டுகளுக்கும் ஸ்டோரிலிருந்து விடுதலை கிடைத்தது. நிஜத்தில் அண்ணன் துடுப்புப் போட, மெடல்காரர் எட்டில் ஒருவராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தார். முதல் நாள் அவர் ரிஜெக்ட். ஒரு வாரத்தில் செகண்டுக்கு முன்னேறினார்.

கரையில் உட்கார்ந்த அன்றைக்கு நான் கடைசி டிரிப்பில் போனேன். நடு ஆற்றில் கேட்டே விட்டேன்.

“நீச்சலும் தெரியாம இத்தினி வருஷமா எப்டிண்ணா? பயமா இல்ல?”

“இல்லாமயா? தெனமும் பயம்தாம்மா. கடைசி பொண்ணு அந்தாண்ட கால வெக்கிற வரைக்கும் எட்டையும் எண்ணிகினே இருப்பேன். கவுந்தா நானும் உங்க கூடத்தானே வரணும்?”

இப்போது நான் வேறு ஊரில், பாலத்தின் மேல் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மழைக் காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால், எங்கள் ஊர்க் கரையில் செலக்‌ஷன் அண்ணன் பயந்துகொண்டு நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.