ரயிலுக்குள் எறிந்த தோடம்பழம்

"பின்னுக்குத்தான் விழும். ரெயின் முன்னுக்கு ஓடேக்க, மேல எறிஞ்ச தோடம்பழம் என்ன, உனக்காகக் காத்துக்கொண்டு நிக்குமோ?"

"கையிலதான் விழும் அப்பா. பழமும் ரெயினோட சேர்ந்து ஓடுதுதானே?"

"பழம் ஓடுதாம்! கமலினி, இஞ்ச வந்து கேளும். உம்மட மகளின்ர தோடம்பழத்துக்குக் கால் முளைச்சிருக்காம்."

குசினியிலிருந்து கமலினி வரவில்லை. சட்டி ஒன்றைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தாள்.

விக்னராஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். இப்போது கழுத்துவரை இறங்கியிருந்தது. மகள் மிருணாளினியும் அவள் வகுப்புத் தோழி வேதாவும் பள்ளிக்கூடத்துக்காகக் கணினியில் ஒரு விளையாட்டைச் செய்திருந்தார்கள். ஓடும் ரயிலில் ஒருவன் தோடம்பழத்தை மேலே எறிவான். அது எங்கே விழும் என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். விக்னராஜா 'பின்னால்' என்று அமுக்கினார். திரையில் ஒரு கழுதை வந்து கனைத்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் கழுதை. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் பௌதிகத்துக்கு 'ஏ' எடுத்தவரைப் பார்த்து, புலம்பெயர்ந்து வந்த பென்டில் ஹில்லில், அவர் சொந்தக் கணினிக்குள்ளிருந்தே ஒரு கழுதை கனைப்பதா!

"நாளைக்கு இதையோ குடுக்கப்போறாய்? கீழ என்ர பேர் வேற!"

"'உதவி: அப்பா' எண்டு ஒரு மரியாதைக்குப் போட்டனான்."

"மரியாதை! ஊர் முழுக்கச் சிரிக்கும்."

மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போன இடைவெளியில் அவரே அந்த விளையாட்டைத் திருத்தினார். தோடம்பழம் ஒழுங்காகப் பின்னால் பறந்து சுவரில் ஒட்டியது. அவர் தலையை ஆட்டி ரசித்தார். வென்ற சந்தோஷத்தில் திரையிலிருந்த பயணி ஒரு துள்ளுத் துள்ளினான். அவனும் பின்னால் பறந்து சுவரில் ஒட்டினான்.

"அப்பா! எல்லாத்தையும் உடைச்சுப்போட்டீங்கள்!"

"இதுதான் சரி. இதுக்குத்தான் ரெயினில கம்பியைப் பிடிக்கச் சொல்லுறவை."

"அப்ப நிஜ ரெயின்லயே பாத்துடலாமே அங்கிள்?" என்றாள் போனும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதா. மதுரைக்காரப் பிள்ளை; அதுவரை வாயே திறக்கவில்லை.

"வாங்கோ! இப்பவே வாங்கோ!" விக்னராஜா குசினிக்குள் பாய்ந்து ஒரு தோடம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

பரமற்றா பக்கம் போகும் ரயில் சீராக ஓடத் தொடங்கியதும், கதவருகே நின்று பழத்தை எறிந்தார். அது சமர்த்தாக அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"ஜன்னல் பூட்டிக் கிடக்கு. அதுதான்."

"எங்கட கேமிலயும் பூட்டித்தான் கிடக்கு அப்பா."

அந்தக் கோபத்தில் இன்னும் பலமாக எறிந்தார். அதே நேரம் பார்த்து ரயில் பிரேக் போட்டது. பழம் முன்னால் பறந்து, எதிரே நின்றவரின் கோப்பிக் குவளைக்குள் குதித்தது. கோப்பி அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் குடியேறியது.

"என்ன வேலை இது, நண்பரே?" என்று ஆங்கிலத்தில் கத்தினார் அவர்.

"பின்னுக்கு வரவேண்டியது முன்னுக்குப் போயிருக்கு! டிரைவரைப் போய்க் கேள்!" என்று இவரும் ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு மகளிடம், "பழம் சரிவராது. பாரம் காணாது. நானே துள்ளுறன்" என்றார்.

"அப்பா, வேண்டாம். சனம் பாக்குது."

ரயில் நிலையத்தை விட்டு வெடுக்கென்று கிளம்பியபோது துள்ளினார். கால் நிலத்தில் பட்டதும் தடுமாறி, பின்னால் ஒரு சீன மூதாட்டியின் கடைப்பைக்குள் இரண்டு காலையும் விட்டார். உள்ளே இருந்தவை முட்டைகள்.

"பாத்தியோ! பின்னுக்கு!" முட்டைக்குள் நின்றபடி வெற்றியோடு கூவினார்.

"ரெயின் வேகம் கூட்டேக்க துள்ளினா அப்பிடித்தான். சீரா ஓடேக்க துள்ளுங்கோ பாப்பம்!" மிருணாளினிக்கும் இப்போது காது சிவந்திருந்தது.

"துள்ளுறன்! நூறு தரம் துள்ளுறன்!"

பையிலிருந்து காலை எடுத்து நடுவே வந்து நின்றார். தரையில் மஞ்சளாக இரண்டு பாதங்கள் பதிந்தன. ரயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் துள்ளினார்.

அதே இரண்டு மஞ்சள் பாதங்களின் மேல், அச்சுப் பிசகாமல் வந்து இறங்கினார்.

"சேர், என்ன நடக்கிறது இங்கே?" அந்த இரண்டடுக்கு ரயிலின் மாடிப் படியிலிருந்து பாதுகாப்பு அதிகாரிகள் இருவர் இறங்கி வந்தார்கள்.

"பிசிக்ஸ்" என்றார் விக்னராஜா.

அடுத்த நிலையத்தில் மூன்று பேரையும் இறக்கிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைத் துடைத்தார் அவர். உள்ளுக்குள் ஒரு சின்னக் குரல் எழுந்து ஏதோ சொல்ல வந்தது. அதை அதட்டி உட்காரவைத்தார்.

"நாளைக்கு அந்தக் கேமை நீ குடுக்கக் கூடாது. நான் விடமாட்டன்."

மிருணாளினி தலையைக் குனிந்துகொண்டாள். வேதாதான் போனை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தியபடி முன்னால் வந்தாள்.

"கேம் எல்லாம் போன வாரமே குடுத்தாச்சு அங்கிள். ஒரு பெரியவங்க மனசுல இருக்கிற தப்பான நம்பிக்கைய அந்த கேம் மாத்துதான்னு வீடியோ எடுத்து நாளைக்குக் காட்டணும், அதுக்குத்தான் மார்க். மத்தவங்க எல்லாம் ஆள் தேடி அலையிறாங்க, எங்களுக்கு வீட்டுலயே கிடைச்சுட்டீங்க. வீட்டுலேருந்தே எல்லாத்தையும் எடுத்தாச்சு, கடைசி சீன் மட்டும்தான் பாக்கி. 'நான் நினைச்சது தப்பு'ன்னு இதைப் பாத்து ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன், அங்கிள்?"