மெரினாவில் ஒரு கொண்டை ஊசி வளைவு

சென்னையை ஒரே பகலில் மகளுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, அன்று ராத்திரி ரயிலிலேயே போடிக்குத் திரும்பிவிடுவது என்று லிங்கேஸ்வரன் சபதம் எடுத்தான். மனைவி கூட இல்லாமல். சபதம் என்றால் லேசுப்பட்ட சபதம் இல்லை. சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை மென்று, சக்கையைத் தட்டோரம் துப்பிவிட்டு எடுத்த சபதம்.

லிங்கேஸ்வரன் ஜீப் டிரைவர். விடியுமுன்னே போடியில் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவான். பொழுது சாய இறக்கிக் கொண்டுவருவான். அவன் ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஜீப் முடிவு செய்வதில்லை. ஏறுகிறவர்கள் முடிவு செய்வார்கள். இப்போது மலை மேலே ஒரு தோட்டத்து மேனேஜர், காய் பறிப்பு முடிகிற வரைக்கும் அங்கேயே தங்கி வண்டி ஓட்டக் கூப்பிட்டிருந்தார். டிரைவர்கள் ரூமில் ஒரு கட்டில் காலி. அடுத்த கட்டிலில் கூட்டாளி அருள்பாண்டி. கட்டிலுக்கு அடியில் கேரம் போர்டு. சுவரில் அகலமான டிவி. இருட்டோடு எழுந்திருக்கும் தொல்லை இல்லை. வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சொர்க்கத்தில் சேரக்கூட இதைவிடக் கெடுபிடி அதிகம் என்று அவனுக்குத் தோன்றியது.

மனைவி சுசித்ராவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர்மார் அவளுக்குப் பூத்தையல் முதல் பொதுஅறிவு வரை எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பயப்படாமல் இருப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். பல்லிக்குப் பயம். கேஸ் சிலிண்டருக்குப் பயம். இருப்பதோ தெருவின் கடைசி வீடு. அதைத் தாண்டினால் தென்னந்தோப்பும் தவளைச் சத்தமும்தான். புருஷன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனதும் கதவைத் தாழ் போட்டு, கதவுக்குப் பின்னால் பித்தளை அண்டாவை நகர்த்தி, அண்டா விளிம்பில் ஒரு சொம்பை வைப்பாள். திருடன் தள்ளினால் சொம்பு விழுந்து எழுப்பும் என்று ஏற்பாடு. திருடன் ஒருநாளும் வந்ததில்லை. சொம்பு மட்டும் தானாக விழும். அவள் எழுந்து உட்கார்ந்து, விடிகிற வரை அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். பகலிலும் பேச்சுக்கு ஒரே துணை மகாராணி. மகாராணிக்கு ஐந்து வயது.

"நானும் பாப்பாவும் கூட வர்றோமே. லயத்துல ஒரு வீடு கேளுங்க" என்றாள் சுசித்ரா. தோட்டத்து ஆட்கள் குடும்பத்தோடு இருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர்.

"மலை மேல குளிரும்டி. அட்டை கடிக்கும். ஆனை வரும்."

"ஒத்தையில கெடக்குறதுக்கு ஆனையே தேவலைங்க."

"என்னடி ஒத்தை? பிள்ளை கூட இருக்காள்ல? நீயும் அவளும் ரெண்டு பேரு. ரெண்டு பேரு எப்படி ஒத்தை ஆவீங்க?"

சுசித்ரா கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அனுபவசாலிப் புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே கை கழுவ எழுந்திருப்பான். லிங்கேஸ்வரன் உட்கார்ந்திருந்தான்.

"சரிங்க. பாப்பா ரொம்ப நாளா சென்னை பாக்கணும்ங்கறா. நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. ஒரு பகல்தான். நீங்களும் அவளும் ரெண்டு பேரு. ஒத்தை இல்ல."

"போறேன். அதுல என்ன இருக்கு?"

"'நீயும் வந்திருக்கலாம்'னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக்கூடாது. வரலைன்னா நீங்க மலையில இருங்க, நான் மூச்சு விட மாட்டேன். வந்துருச்சுன்னா, நீங்க இருக்குற எடத்துலதான் நாங்களும்."

லிங்கேஸ்வரன் முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பிவிட்டுச் சபதம் எடுத்தான். இவ்வளவு படித்தவள் இப்படி ஒரு பந்தயம் கட்டுவாளா என்று அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தான்.

போடி ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவள், புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் ஒரு மாற்று கவுனையும் கொடுத்தாள். வழக்கமாகத் தெருமுனைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பினாலே நூறு புத்தி சொல்கிறவள், அன்று ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து மகள் காதில் மட்டும் ஏதோ ஓதினாள். மகாராணி பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

சென்ட்ரலில் இறங்கியதும் மகாராணி முதல் கோரிக்கையை வைத்தாள்.

"அப்பா, ஒண்ணுக்கு."

இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றில் ஆண் படம். அதற்குள் இவளைக் கூட்டிப் போக முடியாது. இன்னொன்றில் பெண் படம். அதற்குள் இவன் போக முடியாது. எதிரே லாரி வந்தால் எந்தக் கல்லோரம் ஒதுங்குவது என்று மலையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், இரண்டு கதவுக்கு நடுவில் நின்றான். வந்த ஒரு அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"யக்கா, பிள்ளையக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போய் வர்றீகளா?"

"ஏன், அம்மா வரலியா?"

அந்தக் கேள்வி அன்று முழுவதும் அவனோடு ஊர் சுற்றியது. ஆட்டோக்காரர் கேட்டார். இட்லி வைத்த பையன் கேட்டான். மெட்ரோ ரயில் நிலையத்தில், ஓடும் படிக்கட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று மகாராணி மேலும் கீழுமாகப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, காவலுக்கு நின்றவரும் கேட்டார். ரயில் எங்கே போனது என்று லிங்கேஸ்வரனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் படிக்கட்டைத்தான் பார்த்தார்கள்.

மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு.

"ஆத்தா, பாத்தியா! இதுக்குள்ள நம்ம ஜீப்பை நிறுத்திட்டு டீக்கடையும் போடலாம்டி!"

மகாராணி பார்க்கவில்லை. "அப்பா, அந்தத் தாத்தா வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு" என்று காவலாளியைக் காட்டினாள்.

லிங்கேஸ்வரன் தன் இடது பக்கம் திரும்பினான். அவன் ஏதாவது சொன்னால், சுசித்ரா நிற்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் "ம்க்கும்" என்று ஒரு சத்தம் வரும். சிரிப்பா நொடிப்பா என்று பிடிபடாத சத்தம். அங்கே ஒரு தூண் இருந்தது. டீக்கடை யோசனை வீணாகப் போய்விடக் கூடாதே என்று காவலாளியை எழுப்பிச் சொன்னான்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். "வூட்ல வரலியா?"

வெளியே வந்ததும் மகளைக் குஷிப்படுத்த நினைத்தான். "ஐஸ்கிரீம் வாங்கித் தரவா?"

மகாராணி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். "இப்ப வேணாம். அப்புறம்."

ஐஸ்கிரீமை வேண்டாம் என்கிற பிள்ளை! என்ன வளர்ப்பு! இதையும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கடற்கரைக்குப் போனார்கள். லிங்கேஸ்வரன் கடலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான். மேட்டில் ஜீப்பை நிறுத்தினால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்து கிடக்குமே, அதுபோல இருந்தது. ஆனால் இது சத்தம் போட்டது, கிட்டே வந்தது, திரும்பிப் போனது. அவன் கையை நீட்டினான்.

"ஆத்தா... கடலு."

"அப்பா, அந்த நாய்க்கு ஒரு காது இல்ல."

சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஜனம். ஒருத்தர் கையை நீட்டினால் இன்னொருத்தர் அந்தப் பக்கம் பார்த்தார். அவன் கையை நீட்டினால் நாய் பார்த்தது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் ஏறி வந்துவிட்டது. ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கி, வாய் நிறையப் போட்டு, அதை உள்ளே தள்ளினான்.

மத்தியான வெயிலில் மகாராணி அழ ஆரம்பித்தாள். மணல் சுட்டது, அழுதாள். தூக்கினான், அழுதாள். இறக்கினான், அதற்கும் அழுதாள்.

"என்ன தங்கம் வேணும்?"

"தூக்கம் வருது. வளைவு போடு."

"எந்த வளைவுடி?"

"உன் வளைவுதான்! அம்மா தெனமும் மத்தியானம் போடுவால்ல? என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே போவா. அடுப்புக்கிட்ட ஒரு வளைவு. பீரோகிட்ட ஒரு வளைவு. ஆரன் அடிப்பா. அப்பா இப்ப இங்கன போறாரு, இப்ப இங்கன திரும்புறாருன்னு சொல்லிக்கிட்டே போவா. மேல போறதுக்குள்ள நான் தூங்கிருவேன்."

தினமும் அந்த நேரத்தில் லிங்கேஸ்வரன் மேலே மரநிழலில் ஜீப்பைப் போட்டுவிட்டு, பின்சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். இதை அவன் மகளிடம் சொல்லவில்லை.

தோளில் போட்டுக்கொண்டான். மணலில் இடது பக்கம் சாய்ந்து ஒரு வளைவு எடுத்தான். வலது பக்கம் சாய்ந்து ஒரு வளைவு.

"ஆரன் அடி."

"பாம்... பாம்..."

பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் பந்தை விட்டுவிட்டார்கள். சுண்டல்காரர் கூடையை இறக்கி வைத்தார். "யாருப்பா இது, மண்ண சுத்தி சுத்தி வராரு?" என்று ஒரு குரல் கேட்டது. "அம்மா வரலபோல" என்றது இன்னொரு குரல்.

"அப்பா, நில்லு! கருப்பசாமி வளைவு வந்துருச்சு. அம்மா இங்கன நிப்பா."

"நின்னு?"

"'சாமி, அவரப் பத்திரமா அனுப்பி வையி'ன்னு சொல்லிட்டுத்தான் போவா."

லிங்கேஸ்வரன் நின்றான். அதைத் தன் வாயாலேயே சொன்னான். சொல்லி முடித்தபோது தோளில் சூடாக எச்சில் இறங்கியது. மகாராணி தூங்கிவிட்டாள்.

ஒரு படகின் நிழலில், அவளை மடியில் சாய்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இனி அசைய முடியாது என்று. டீ விற்கிறவர் கடந்து போனார். கூப்பிட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். ஒரு கால் மரத்துப்போனது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஒன்றுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது. தெரியாத ஊரில் பிள்ளையை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது? இத்தனை ஆயிரம் பேர் நடமாடுகிற கரையில் அவனுக்கு என்று ஒரு கை இல்லை. இந்த ஐந்து வருஷமாக சுசித்ரா எப்போதுதான் பாத்ரூம் போனாள்? அதை அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்ததும் அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கும், பிள்ளை எழுந்துவிடும். அதையும் அடக்கினான்.

ஒரு கையால் போனை எடுத்தான். கேரம் போர்டு ஒரு தடவை கண்முன் வந்து போனது.

"ஏப்புள்ள."

"சொல்லுங்க."

"கடலு பாத்தோம்."

"ம்."

"நீயும் வந்திருக்கலாம்டி."

அந்தப் பக்கம் காற்று மட்டும் 'உய்' என்று வீசியது. போடியில் அப்படிக் காற்று வீசாது.

"எங்கடி இருக்க?"

"மேல. லயத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கிட்டிருக்கேன்."

"மேலயா? ஒத்தையிலயா? எப்படி வந்த?"

"சின்ராசு அண்ணே ஜீப்புல. காய் பறிக்கப் போற அன்னக்கொடியக்கா கையைப் புடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். எந்த வளைவுல எந்தப் பக்கம் சாயணும்னுதான் எனக்குத் தெரியுமே."

"ஏய், நான் இப்பத்தானே தோத்தேன்? நீ எப்ப கெளம்புன?"

"காலையில. உங்க ரயிலு சென்ட்ரல் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி. நீங்க தோத்துட்டுக் கூப்புடுறதுக்குள்ள சோலிய முடிச்சுரலாம்னுதான். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடமும் பாத்தாச்சு. நீங்கதான் அனுப்புனீங்கன்னு மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். டிரைவர் ரூம்ல உங்க கட்டில வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு."

லிங்கேஸ்வரன் கடலைப் பார்த்தான். அது முன்னே வந்தது, திரும்பிப் போனது.

"அண்டா?" என்றான்.

"ஏத்திக் கொண்டாந்துட்டேன்."

"கதவுக்குப் பின்னால வைக்கவா?"

"வெந்நீர் போட. குளிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளை மடியில தூங்குது. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது. என்னடி பண்றது?"

"எழுப்பிராதீங்க. அடக்கிக்கங்க. பழகிரும்."

போனை வைத்துவிட்டாள். லிங்கேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு அலைகளை எண்ணினான். நிழல் நகர்ந்து, வெயில் மகாராணியின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்து, அப்பாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மாட்ட பேசிட்டியா?"

"பேசிட்டேன் ஆத்தா."

"தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்."

மகாராணி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப ஐஸ்கிரீம் வாங்கித் தா."

"காலையில வேணாம்னியேடி?"

"அப்பா தோத்த பெறகுதான் கேக்கணும்னு அம்மா சொல்லிருச்சு" என்றாள் மகாராணி. "காலையில இருந்து காத்துக்கிட்டே இருக்கேன். ஏம்ப்பா இம்புட்டு லேட்டு?"