பதினொன்று பதினேழுக்குப் பழுக்கும் பாயின்ட்

கூட்டம் பஸ் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து மடங்கி மீன்கடை வரை வந்து, போதாதென்று மருந்துக்கடை வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவர் உள்ளே நுழைய வழியில்லாமல் கத்தினார். யாரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும். இடம் போனால் யோகம் போய்விடும்.

ஒவ்வொருவர் கையிலும் கார்டு ஸ்டேட்மென்டை உள்ளே வைத்து ஒட்டி மூடிய கவர். கழுத்தில் ஐந்நூறு கொடுத்து வாங்கிய டோக்கன். சட்டைப் பையில், சிவப்பு வெல்வெட் உறைக்குள் கிரெடிட் கார்டு. உறை நூற்றைம்பது. கார்டுக்குக் குளிரக் கூடாதாம்.

எல்லாரும் எதற்கு நின்றார்கள்? சோபாக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி மண்டபத்தில் அமர்ந்திருந்த பாயின்ட் ஐயாவைப் பார்ப்பதற்கு.

கார்டில் செலவு செய்தால் வங்கி கொஞ்சம் பாயின்ட் போடும் அல்லவா? அந்தப் பாயின்டுக்கும் உயிர் உண்டு என்று கண்டுபிடித்த மகான் அவர். காயாக இருக்கும்போது பறித்தால் பிளாஸ்டிக் வாளி கிடைக்கும். பழுத்தபின் பறித்தால் வீடே விளங்கும். எப்போது பழுக்கும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். கார்டின் கடைசி நாலு எண்ணைக் கூட்டி, இது நெருப்புக் கார்டு, இது நீர்க் கார்டு என்று பிரித்துவிடுவார். நெருப்புக் கார்டை வைத்து பெட்ரோல் போடக் கூடாது. நீர்க் கார்டில் குடிநீர்க் கட்டணம் கட்டக் கூடாது. இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர்களில் ஒரு கணக்கு டீச்சரும் இருந்தார், வங்கியிலேயே வேலை பார்க்கும் ஒரு காசாளரும் இருந்தார். படிப்பு மூளைக்குள் போகாமல் சுவரில் சட்டமாகத் தொங்கினால் இப்படித்தான்.

அந்த வரிசையில் ஒரு லிப்ட் மெக்கானிக்கும் நின்றான். அந்தக் கட்டடத்து லிப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில்தான் கூட்டத்தைப் பார்த்திருந்தான். கெட்டிக்கார மனிதன். மோட்டார் முனகுவதைக் கேட்டே எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனுக்கு ஒரே ஒரு குறை. திருகாணி உள்ள பொருளென்றால் சந்தேகப்படுவான். திருகாணி இல்லாத எதையும் அப்படியே நம்பிவிடுவான்.

அன்று மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டு வந்தான். அறுவைச் சிகிச்சை செய்த முட்டி என்பதுகூட நினைவில்லை.

"ஏம்மா, அந்த மனுஷன் கவரத் தொடவே இல்லம்மா! ஒரு தட்டுல எல்லாக் கவரையும் வெச்சு, திரைக்குப் பின்னாடி ஏழு நிமிஷம் ஒளியில குளிப்பாட்டறாங்க. தட்டு திரும்பி வருது. ஐயா கண்ண மூடறாரு. 'ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு'ன்னாரு! அச்சு அசலா நம்ம பாயின்ட்! கவர் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, பாரு!"

அவன் மனைவி ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இருபத்திரண்டு வருஷம். நாளுக்கு நூற்றெண்பது தலையணை உறை, தொண்ணூறு படுக்கை விரிப்பு, விருந்தாளிகளின் சட்டை தனி. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் 'இஸ்திரி அக்கா'. அந்தக் கார்டு அவள் பெயரில் உள்ள கார்டு. அந்தப் பாயின்ட் அவன் முட்டிக்காக ஆஸ்பத்திரியில் தேய்த்ததால் விழுந்த பாயின்ட். இரண்டு வருஷமாகத் தவணை கட்டி, போன மாதம்தான் மூச்சு விட்டாள்.

அவளுக்கு அந்தப் பாயின்ட் மேல் ஒரு கண் இருந்தது. கடல் தாண்டி இருக்கிற அக்காவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் இதய அறுவைச் சிகிச்சை. அக்காவுக்குத் துணைக்கு ஆளில்லை. "கண்ணு முழிக்கும்போது நீ பக்கத்துல இருந்தாப் போதும்டீ" என்று போனில் சொல்லியிருந்தாள். பார்த்து ஒன்பது வருஷம். விமான டிக்கெட்டின் விலையோ இவளுடைய இரண்டு மாதச் சம்பளம். பாயின்ட் இந்த மாதக் கடைசியோடு காலாவதி.

"சரி, பழுத்தா என்ன தருவாரு உங்க ஐயா?"

"அடுத்த ஞாயிறு பதினொன்னு பதினேழுக்குப் பழுக்குது. அந்த நேரம் பாத்து உன் போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னா ஐம்பதாயிரம் பாயின்ட் ஐயாவோட பொதுக் குளத்துக்குப் போயிடும். அங்கேருந்து அருள் பொருளா திரும்பி வரும்."

"என்ன பொருள்?"

அவன் சற்றே தயங்கினான். "ஆவி இஸ்திரிப் பெட்டி."

அவள் சிரிக்கவில்லை. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக் காய்த்துப்போன கையால் அந்தக் கவரை வாங்கினாள். மூடியின் மேல் விரலை ஓட்டினாள். ஓரத்தில் தாள் மெல்ல நெளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத நெளிவு. ஆவி குடித்துவிட்டுச் சரியாகக் காயாமல் மடித்துப்போட்ட துணி இப்படித்தான் நெளியும். இப்படி மடித்த தலையணை உறைகளுக்காக அவள் சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

"ஒளியில குளிச்ச கவருக்கு ஈரம் எப்படிங்க வந்துச்சு?"

"ஒளின்னா... சூடா இருக்கும்ல, வேர்த்திருக்கும்."

"கவருக்கா?"

"நீ எதுலயும் குத்தம் கண்டுபிடிப்பே!"

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். முப்பத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டாள். பிறகு ஒரு பெண் பேசினாள். இவள் கேட்டது ஒரே கேள்வி: "என் பாயின்டுக்கு என்னென்ன கிடைக்கும், ஒன்னொன்னா சொல்லும்மா." அந்தப் பெண் சொன்னாள். இவள் சலவைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. வயிறு மட்டும் நிறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கணவனிடம் சொன்னாள்: "நானும் வர்றேன். கவர நான்தான் ஒட்டுவேன். ஐயா இந்த வாட்டியும் சரியாச் சொல்லிட்டாருன்னா ஓ.டி.பி.ய நானே சத்தமாச் சொல்றேன். போதுமா?"

"அப்படி வா வழிக்கு!" என்று அவன் பூரித்துப்போனான்.

அவள் கவருக்குள் வைத்தது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஸ்டேட்மென்ட். முட்டி நன்றாக இருந்த காலத்துக் கணக்கு. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பிதுங்கியது. மேடையின் ஒரு பக்கம் அருள் பொருள்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கியிருந்தன. எல்லாமே இஸ்திரிப் பெட்டி. நடுவில் ஐயா. வெள்ளிச் சரிகைக் கோட்டு, பத்து விரலுக்கும் மோதிரம். ஐயாவின் மச்சான் தட்டோடு வந்து கவர்களை டோக்கன் வரிசைப்படி அடுக்கி வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். ஏழு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். மூடினார்கள். இஸ்திரி அக்கா மூடவில்லை. திரையின் மேல் விளிம்பில் மெல்லிசாகப் புகை போல ஒன்று எழும்பி மறைந்தது. அவளுக்கு அது பிறந்த வீட்டு வாசனை மாதிரி.

தட்டு வந்தது. ஐயா தட்டைக் குனிந்து வணங்கினார். கொஞ்சம் அதிக நேரம் வணங்கினார்.

"டோக்கன் ஒன்பது! முப்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது!"

கணக்கு டீச்சர் "ஐயோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டோக்கன் பத்து! ஆயிரத்து நூற்று நாற்பது!"

மெக்கானிக் சுற்றும்முற்றும் பார்த்தான். தன் டோக்கனைப் பார்த்தான். பத்துதான். எழுந்து நின்றான். "ஐயா... போன வாரம் ஐம்பத்திரண்டாயிரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஐயா அசரவில்லை. அசந்தால் அவர் ஐயா ஆவாரா? "போன வாரம் இருந்தது. இந்த வாரம் வற்றிவிட்டது. உன் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சந்தேகச் சூடு பட்டால் பாயின்ட் ஆவியாகிவிடும்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. பக்கத்திலிருந்த காசாளர் அவளை ஒரு மாதிரி பார்த்துத் தன் வெல்வெட் உறையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சந்தேகம் ஒட்டிக்கொள்ளுமாம்.

அவள் எழுந்தாள். செல்போனில் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினாள். "ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு அப்படியேதான் இருக்குங்க. வத்தல. கவருக்குள்ள மூனு வருஷத்துப் பழைய தாள நான் வெச்சேன். உங்க ஞானக்கண்ணு அந்தத் தாளத்தான் படிச்சிருக்கு."

"போனில் தெரிவது வெறும் தோற்றம்!" என்றார் ஐயா.

"இருக்கட்டும். டீச்சரம்மா, உங்க இன்னொரு கார்டோட கவர் கையில இருக்கே, அதக் கொஞ்சம் தர்றீங்களா? கிழிக்க மாட்டேன்."

டீச்சர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே கொடுத்தார். இஸ்திரி அக்கா மேடையேறி அருள் பொருளில் ஒன்றை எடுத்தாள். மேசைமேல் இருந்த ஐயாவின் தண்ணீர்க் குப்பியையே எடுத்து அதில் ஊற்றினாள். மைக்குக்கு மின்சாரம் போன பிளக்கில் செருகினாள். ஐயா பாய்ந்து வந்தார். சும்மா இருப்பானா மெக்கானிக்? குறுக்கே நின்றான். பெண்டாட்டி பேரில் நம்பிக்கை வந்ததால் அல்ல. ஒரு கருவி ஓடத் தொடங்கினால் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும் அவனுக்கு.

புஸ்ஸென்று ஆவி வந்தது. கவரின் மூடியில் காட்டினாள். அரை நிமிஷம். மூடி தானாகத் திறந்துகொண்டது. தாளை உருவினாள்.

"முப்பத்தி மூவாயிரத்து நூத்திப் பத்து. சரியா டீச்சரம்மா?"

"ச... சரி!"

தாளை உள்ளே வைத்தாள், மூடியை விரலால் நீவினாள், பெட்டியை ஒரு தரம் வைத்து எடுத்தாள். கவர் ஒட்டிக்கொண்டது. "எனக்கும் ஞானம் வந்திருச்சு. டோக்கனுக்கு எவ்வளவு வாங்கலாம்?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அதற்குள் மெக்கானிக் போய்த் திரையை ஒரே இழுப்பில் உருவினான். உள்ளே மச்சான், கையில் பென்சில். பக்கத்தில் ஒரு பெரிய கெட்டில், தளபுளவென்று கொதித்துக்கொண்டு. ஐயா குனிந்து வணங்கும்போது படிக்க, அடுத்த தட்டில் கவர்களுக்கு அடியில் வைக்கிற துண்டுச் சீட்டில் எண்கள் வரிசையாக.

மெக்கானிக் கெட்டிலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தான். நாலு திருகாணி. அவன் முகத்தில் கொஞ்ச நாளாகக் காணாமல்போயிருந்த அறிவு திரும்பி வந்தது.

"டேய், ஏமாத்துக்காரா!"

ஐயாவும் மச்சானும் லிப்டுக்குள் ஓடினார்கள். ஓடட்டும் என்று விட்டான் அவன். லிப்ட் கீழே இறங்கத் தொடங்கியதும் நிதானமாகப் பையிலிருந்த சாவியை எடுத்து, சுவர்ப் பெட்டியைத் திறந்து, விசையைக் கீழே தள்ளினான். லிப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றது. காவலர்கள் வரும் வரை மக்கள் மாறி மாறிக் கம்பிக்கதவு வழியாகக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்:

"ஐயா, நீங்க எத்தனை மணிக்குப் பழுப்பீங்க?"

இடைப்பட்ட நேரத்தில் இஸ்திரி அக்கா சலவைச் சீட்டை டீச்சரிடம் நீட்டினாள். "நீங்க பிள்ளைங்களுக்கு வகுத்தல் சொல்லித் தர்றவங்க. இதையும் வகுங்க. இந்தப் பெட்டி கடையில ரெண்டாயிரத்து ஐந்நூறு. எங்க ஓட்டல்ல வாங்குனாங்க, மூனு மாசத்துல ஒழுகிடுச்சு. இதுக்கு ஐம்பதாயிரம் பாயின்ட். அதே ஐம்பதாயிரத்த விமானக் கம்பெனிக்கு மாத்தினா இருபத்தஞ்சாயிரம் பெறுமான டிக்கெட். வரி மட்டும் கையிலேருந்து கட்டணும்."

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "பெட்டின்னா இருபது பாயின்டுக்கு ஒரு ரூபா. டிக்கெட்டுன்னா ரெண்டு பாயின்டுக்கு ஒரு ரூபா. பத்து மடங்கு! ஐயோ, போன மாசம் நான் கொடுத்த பாயின்ட்..."

"அதுல யாரோ பறந்து போயிட்டாங்க டீச்சரம்மா. ஐயா டிக்கெட்டா மாத்தி வித்திருப்பாரு. உங்களுக்குப் பெட்டி வந்துச்சு."

அன்று மாலையே இஸ்திரி அக்கா டிக்கெட் போட்டாள். தன் அக்காவிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் அழுகைதான் கேட்டது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "என் முட்டியாலதான் போறேன்னு சொல்லு" என்றான். அந்த மனுஷனை என்ன செய்ய?

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலை சலவைக்கூட வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் அந்தக் காசாளர். கையில் வெல்வெட் உறை, கார்டு.

"அக்கா, நீங்கதான் உண்மையான ஞானி. எங்க கார்டையும் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எத்தனை மணிக்கு வரணும், எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?"

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் கார்டை வாங்கினாள். வெல்வெட் உறையைக் கழற்றி எறிந்தாள். கார்டைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"முன்பக்கத்து எண்ணக் கூட்டிக் கூட்டி ஒரு வருஷமாக் கும்பிட்டீங்க. பின்பக்கத்துல ஒரு எண் இருக்கு, தெரியுதா? அதுக்குப் போன் போட்டு, வாயத் திறந்து கேளுங்க. சொன்னத எழுதிக்கிட்டு, வகுத்துப் பாருங்க. காசு கிடையாது, டோக்கன் கிடையாது."

"எப்பக்கா பண்றது? நல்ல நேரம்..."

"மூளை முழிச்சிருக்கிற நேரம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தலையணை உறையை எடுத்து விரித்தாள்.